பிள்ளைகளோடு யாழ் நகரில் மூன்று நாட்கள்

பாடசாலை விடுமுறை வந்ததும் எமது வர்த்தகர்களில் பலர் செய்வது ஒன்றுதான். கொழும்பு கெய்சர் வீதிக்குச் சரக்கெடுக்கப் போகும்போது மனைவி பிள்ளைகளையும் வானில் ஏற்றிக்கொள்கிறார்கள். பகல் முழுவதும் வாப்பா மொத்தக் கடைகளில் விலை பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அறையில் தொலைபேசியும் கையுமாக இருப்பார்கள். மாலையில் காலிமுகத்திடலில் ஒரு மணி நேரம், ஆளுக்கொரு இறால் வடை, அவ்வளவுதான். கடைக் கணக்கில் இது உல்லாசப் பயணம் என்று பதிவாகும். பிள்ளைகளைக் கேட்டால் வாப்பா சரக்கெடுத்த கதையைத்தான் சொல்வார்கள்.

கொள்வனவையும் குடும்பப் பயணத்தையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கெடும். மூன்று நாள் கடையை மூடுவதோ, நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பதோ நட்டமாகத் தோன்றலாம். ஆனால் எந்த மூன்று நாள் என்பதைச் சரியாகத் தெரிவு செய்தால் அந்த நட்டம் மிகச் சிறியது. புடைவைக் கடைக்காரருக்கும் பாதணிக் கடைக்காரருக்கும் நோன்பின் கடைசிப் பத்தில் மூச்சுவிட நேரமிராது. பெருநாள் கழிந்த வாரத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை இருப்பதால், பெருநாளுக்கும் பாடசாலை திறப்பதற்கும் இடையில் சில நாட்கள் கிடைத்தால் அவையே பொருத்தமானவை.

எந்த நகரம்? புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு எனச் சிதறி வாழும் வடபுலக் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்தையே சொல்வேன். எமது பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரைப் பெரியவர்களின் பேச்சில் கேட்டிருக்கிறார்களே தவிர, ஊரைச் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் ஒரு கலியாணத்துக்கோ ஜனாஸாவுக்கோ காலையில் வந்து மாலையில் திரும்பியவர்கள்.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்கால மழை. ஓகஸ்ட் விடுமுறையில் வருவதானால் நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். அந்நாட்களில் நல்ல அறை கிடைப்பது கடினம். நோன்பு இப்போது ஆண்டின் முற்பகுதியில் வருவதால் பெருநாள் வாரத்தில் மழை குறைவு. வெயில் மட்டும் உண்டு, அதற்கேற்பத் திட்டமிட்டால் போதும்.

சொந்த வான் இருந்தாலும் ஒரு வழியாவது ரயிலில் போங்கள். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் சேவை 2014 ஒக்டோபர் 13 இல்தான் மீண்டும் தொடங்கியது. ஒரு மாதத்துக்கு முன்பே ஆசனம் பதிவு செய்யலாம். பெருநாள் கால ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடும். புத்தளத்தவர்கள் அநுராதபுரம் வரை வீதியால் வந்து அங்கே ஏறலாம். ஆனையிறவில் தண்டவாளத்துக்கு இருபுறமும் விரியும் களப்பைப் பார்க்க யன்னலோர ஆசனத்துக்குச் சண்டை வரும், வரட்டும். புறப்படும் முன் நேர அட்டவணையை மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவில் கைவைக்கக் கூடாத இடம் தங்குமிடம். உறவினர் வீட்டில் தங்கினால் பணம் மிஞ்சும். ஆனால் பெண்கள் அங்கேயும் அடுப்படியில்தான் நிற்பார்கள், விடுமுறை உங்களுக்கு மட்டும் என்றாகிவிடும். நகர மத்தியில், குளிரூட்டிய ஒரு குடும்ப அறையை எடுங்கள். 2016 இல் திறந்த ஜெட்விங் போன்ற பெரிய ஹோட்டல் முதல் சிறு விடுதிகள் வரை இப்போது பல உண்டு. பதிவு செய்யும்போதே ஹலால் உணவு, மதுபானம் பரிமாறாத சாப்பாட்டு இடம், பிள்ளைக்கு மேலதிகக் கட்டில் ஆகியவற்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள். காலைச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சைவக் கடைத் தோசையும் இடியப்பமும் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

பட்டியல் போட்டு ஒரே நாளில் பத்து இடம் காட்டுவது பெரியவர்களின் ஆசை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் போதும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் அறையிலேயே இருங்கள். ஒரு நாள் மட்டும் வான் பிடித்துக் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போகலாம். வெகுதூரம் வரை ஆழமில்லாத கடல் என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது. வார நாளின் காலைப்பொழுதானால் கூட்டமும் குறைவு. நெடுந்தீவுப் படகுப் பயணத்தைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களுக்கு ஓட்டோ போதும். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐந்து முனைகளோடு விரிவாக்கிய கோட்டைக்கு வெயில் தாழ்ந்த பின் செல்லுங்கள். மதில்மேல் பல இடங்களில் தடுப்பு இல்லை, சிறுவர்களின் கையை விடாதீர்கள். பக்கத்திலேயே 1981 இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட பொது நூலகமும், அதன் அருகே சுப்பிரமணியம் பூங்காவும் உள்ளன. இரவில் நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம்.

வெள்ளிக்கிழமை காலையைச் சோனகத் தெருவுக்கு ஒதுக்குங்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து எம்மவர்களை வெளியேற்றிய இடம் அது. திரும்பி வந்து வீடு கட்டியவர்களும் உண்டு. கூரையில்லாத சுவர்களும் உண்டு. உங்கள் வாப்பாவோ உம்மாவோ உயிரோடிருந்தால் வானில் ஓரிடம் அவர்களுக்கே. எந்தச் சுவருக்குப் பின்னால் யாருடைய கடை இருந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. நீண்ட உபதேசம் தேவையில்லை. "இங்கேதான் எங்கட இரும்புக் கடை இருந்தது" என்று பாட்டனார் நின்று காட்டினால் பேரன் மீதியைத் தானே கேட்பான். ஒஸ்மானியாக் கல்லூரியையும் பார்த்துவிட்டு, மகன்மாரோடு பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுது, பகல் சாப்பாட்டை அந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். வந்ததோடு வந்ததாகக் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணியிடமும் ஓடுவார்கள். பிள்ளைகள் அறையில் தொலைபேசியோடு இருப்பார்கள். காணி விடயம் முக்கியமானது, யாரும் மறுக்கவில்லை. அதற்குத் தனியாக இரண்டு நாள் வாருங்கள், பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை. இந்தப் பயணத்தில் உறுதியை வீட்டு அலுமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

திரும்பும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கேட்பார்கள். அது வைகாசி, ஆனியில்தான் நன்றாகக் கிடைக்கும். பெருநாள் வாரத்தில் போகிறவர்கள் பனங்கட்டிக் குட்டான் வாங்கிக்கொள்ளலாம், நாட்பட்டாலும் கெடாது.