நாற்றுமேடையிலேயே மரத்தின் குணத்தை அறிதல்

இரண்டு நெல்லினங்களைக் கலந்து பெற்ற வித்தை விதைத்தால், நான்கு மாதங்களில் அதன் குணங்குற்றம் தெரிந்துவிடும். வேண்டாததை விலக்கி, வேண்டியதை அடுத்த போகத்திலே மீண்டும் விதைக்கலாம். மரத்தின் காரியம் அத்தகையதன்று. மலைநாட்டின் புற்றரைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் 1970-களிலும் 1980-களிலும் கரிபியன் பைன் பெருவாரியாக நடப்பட்டது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானைச் சாரலில் அம்மரங்களை இன்றும் காணலாம். அவற்றுள் எது நேராக வளர்ந்து நல்ல பலகை தரும், எது கோணிப்போகும் என்பது, அவை நாற்றுமேடையில் நின்றபோது எவர்க்கும் புலப்பட்டிராது. புலப்படுங்கால் நட்டவர் முதுமை எய்திவிடுவார். நிலமும் அத்தனை ஆண்டுகள் முடங்கிவிடும்.

இக்காத்திருப்பைக் குறைக்கும் வழியே பரம்பரையலகுப் படம்.

தாவரத்தின் உயிர்க்கலத்தினுள்ளே நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள. உயரம், நோயெதிர்ப்பு முதலிய குணங்களை நிருணயிக்கும் பரம்பரையலகுகள், சாலிலே நட்ட மிளகாய்க் கன்றுகளைப் போல, இவ்விழைகளில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மகரந்தமும் சூலும் உருவாகுங்கால், சோடியான இழைகள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அருகருகே உள்ள அலகுகள் பெரும்பாலும் ஒன்றாகவே பிள்ளைக்குச் செல்லும். தொலைவிலுள்ளவை அடிக்கடி பிரியும். எத்தனை பிள்ளைகளில் பிரிந்தன என்று எண்ணினால், அவற்றின் இடைத்தூரத்தை மதிப்பிடலாம். 1913-இல் அமெரிக்காவில் ஸ்டர்ட்டெவன்ட் என்பவர், பழ ஈக்களை எண்ணி, இவ்வகையில் முதற்படத்தை வரைந்து வெளியிட்டார்.

பைன் மரம் இதற்கு ஒரு வசதியும் அளிக்கின்றது. அதன் வித்திலே முளையைச் சூழ்ந்துள்ள உணவுத்தசை தாயிடமிருந்து மாத்திரமே வருவது. ஆதலின், தந்தை யாதென அறியாமலே, ஒரே மரத்தின் வித்துக்களைச் சோதித்து, தாய் எவ்வித்துக்கு எத்துண்டைக் கொடுத்தது எனக் கண்டுகொள்ளலாம். அமெரிக்காவின் லொப்லொலி பைனில் துருநோயை எதிர்க்கும் பரம்பரையலகொன்றின் இடம் 1996-இல் இவ்வாறு குறிக்கப்பட்டது. இடம் தெரிந்தபின், அதன் அயலிலுள்ள அடையாளம் கன்றில் இருக்கின்றதா என்பதைச் சிறிதளவு இலையைக் கொண்டே சோதிக்கலாம். நோய் வந்து காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.

நெல்லுக்கும் பைனுக்கும் நிறமூர்த்தச் சோடிகள் 12 என்பது வியப்பே. ஆயின், பரம்பரைச் செய்தியை எழுத்துக்களாக எண்ணினால், நெல்லுக்கு ஏறத்தாழ 40 கோடி. லொப்லொலி பைனுக்கோ, 2014-இல் வெளியான கணக்கின்படி, ஏறத்தாழ 2,200 கோடி. மரத்தின் படம் வரைவோர் படும் பாடு இதனால் விளங்கும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. நோயெதிர்ப்பு சிலவேளை ஓரலகினாலேயே வரலாம். வளர்ச்சியோ பல அலகுகள் சிறிது சிறிதாகக் கூடி விளைவது. ஒரு குடும்பத்திலே மெய்யான அடையாளம் வேறொரு குடும்பத்திலே பொய்த்துவிடவுங்கூடும். ஆகவே நிலத்தில் நட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கைவிடுதல் இயலாது. மேலும், பைன் தோப்பு ஊற்றுநீரைக் குறைக்கின்றது என்னும் கமக்காரரின் முறைப்பாட்டுக்கு இப்படம் விடையளிக்காது. எச்சரிவில் எம்மரம் ஏற்றது என்பது வேறு விசாரணை.

வயலுக்கும் இம்முறை எட்டியுள்ளது. ரத்து ஹீனட்டி என்னும் இலங்கையின் பழைய நெல்லினம் கபிலநிறத் தத்தியை எதிர்க்க வல்லது. அவ்வெதிர்ப்பைத் தரும் இடத்திலே மூன்று பரம்பரையலகுகள் நெருங்கி அமைந்துள்ளன என்பதைச் சீன ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். அந்நெல்லின் வித்து அழிந்துபோயிருப்பின், படத்தில் குறிப்பதற்கு ஒன்றும் இருந்திராது. அத்தகைய பழைய இனங்களின் வித்துக்களைப் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலுள்ள தாவரப் பிறப்புரிமை வள நிலையம் பேணிவருகின்றது.