பள்ளத்தில் இறங்குமுன் பிரேக்கைக் கேளுங்கள்

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியை அறியாதார் மலையகத்தில் இலர். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறு பக்கம் பள்ளம். இடையே வளைந்து வளைந்து செல்லும் பாதை. கண்ணுக்கு விருந்தான இவ்வழி, பழைய மோட்டார்க் காருக்கோ கடுஞ் சோதனை. அச்சோதனையில் நாமும் ஒரு முறை அகப்பட்டோம்.

நாம் வாங்கியிருந்தது ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். “பிரேக் எல்லாம் புதிது” என்று விற்றவர் உறுதி கூறினார். அட்டன் பட்டணத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது குறையொன்றும் தென்படவில்லை. ஒரு நாள் குடும்பத்துடன் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்குப் புறப்பட்டோம். லபுக்கலையைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும், பிரேக்கை மிதிக்குந்தோறும் கார் இடப்புறமாக இழுக்கலாயிற்று. அடுத்த வளைவில் பெடல் பஞ்சில் கால் வைத்தாற்போல் அமிழ்ந்தது. பின் ஆசனத்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தனர். இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினோம். பாட்டு நின்றது; உயிர்கள் தப்பின.

மறுநாள் காரைப் பார்வையிட்ட முதிய மெக்கானிக், சாவியைக் கையிலெடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டார். “பெடல் பஞ்சு மாதிரி இருந்ததா, கல்லு மாதிரி இருந்ததா? வண்டி எந்தப் பக்கம் இழுத்தது ஐயா?” நோயாளியின் நாடியைப் பிடிக்கும் வைத்தியரின் கேள்விகள் அவை. அவற்றின் பொருளை வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று.

பெடல் சொல்லும் சேதி

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. மாணவர்கள் பள்ளியிற் படிக்கும் இவ்விதியே காரை நிறுத்துகிறது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஒயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களையும் சென்றடைந்து, பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்துகிறது. திரவம் எளிதிற் சுருங்காது; காற்றோ சுருங்கும். ஆகவே பெடல் பஞ்சு போலிருந்தால் குழாயினுள் காற்றோ ஆவியோ புகுந்துள்ளது எனக் கொள்க.

மிதித்த காலை எடுக்காமலே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின், எங்கோ ஒழுக்கு உண்டு. அன்றேல் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. முதல் மிதிக்குத் தாழ்ந்து, இரண்டாம் மிதிக்கு உயர்ந்து நின்றால், ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்தாற் போதும். பெடல் கல்லாக நின்றும் வண்டி நில்லாவிடில், லைனிங் அளவுமீறிச் சூடேறியிருக்கலாம். எண்ணெய் படிந்தோ பளபளத்தோ போயிருக்கலாம்.

இழுக்கும் பக்கம் எது?

எம் கார் இடப்புறம் இழுத்ததால் பழுது இடச் சக்கரத்திலேதான் என எண்ணியிருந்தோம். மெக்கானிக் சிரித்தார். “பிடிக்கிற சக்கரம்தான் ஐயா இழுக்கும், பிடிக்காத சக்கரம் சும்மா உருளும்” என்றார். அவ்வாறே வலப்புற முன் டிரம்மைக் கழற்றியதும், சிலிண்டர் ஒழுகி லைனிங் முழுவதும் ஒயிலில் ஊறிக் கிடந்தது. மிதித்தால் மட்டும் இழுக்கும் காரில், இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை முதலிற் பாருங்கள். சிலிண்டர் இறுகிப்போதல், ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைத்தல் ஆகியவையும் இவ்விளைவையே தரும்.

மிதிக்காத வேளையிலும் இழுக்குமாயின் கதை வேறு. முதலில் டயர்களின் காற்றைச் சமப்படுத்துங்கள். பின்பு முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. சிறிது ஓடிய பின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், டிரம்மைத் தொடவேண்டாம். ஒன்று மட்டும் மிகச் சுட்டால் அதன் பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வேளை கார் அச் சக்கரத்தின் பக்கமே இழுக்கும். இவை சரியாயின் சக்கர ஒழுங்கையும் மூட்டுகளையும் சோதிக்கவேண்டும். மொரிஸ் மைனரில் முன் சக்கர மூட்டுக்குக் கிரீஸ் இட மறந்தால், அது கழன்று சக்கரமே மடிந்து விழுவதுண்டு. நம் நாட்டில் இடப்புறமாக ஓட்டுகிறோம்; மழைநீர் வடிய வீதியும் ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆதலால் இடப்பக்கம் சற்றே ஒதுங்குவது நோயன்று.

மலையின் கணக்கு

பட்டணத்தில் ஒளிந்திருந்த நோய் மலையில் வெளிப்பட்டது ஏன்? நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. கம்பளை அதனினும் சுமார் 1,400 மீற்றர் தாழ்ந்தது. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் இவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 40 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இச்சக்தியில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்க்காற்றும் ஏற்கும். எஞ்சியதெல்லாம் பிரேக்கிற் சூடாகிறது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 4’ வகை ஒயில் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகையளவிற்குக் குறையலாம். கொதித்த ஒயில் ஆவியாகிறது, பெடல் பஞ்சாகிறது. மொரிஸ் மைனரில் ஒயில் ஊற்றும் வாய், ஓட்டுநரின் காலடியில், விரிப்பின் கீழ் மறைந்துள்ளது. எம் காரில் அதை நெடுங்காலம் எவரும் திறந்ததாகத் தோன்றவில்லை. குறைந்து கறுத்துப்போயிருந்த ஒயிலே எம்மை வளைவில் கைவிட்டது.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர் இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, பழைய வண்டிகளையே பலரும் நாடவேண்டியதாயிற்று. பழையது என்பதால் அஞ்சவேண்டியதில்லை. சோதியாது வாங்குவதற்கே அஞ்சவேண்டும்.

நிறுத்திய காரில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இறங்கலாகாது. ஆளரவமற்ற சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், ஸ்டியரிங்கை மெல்லப் பற்றியவாறு பிரேக் இடுங்கள். கார் நேரே நிற்கவேண்டும். சக்கரங்களின் உட்புறத்தில் ஒயிற் கசிவு உண்டாவெனக் குனிந்து பாருங்கள். கைப்பிரேக் ஏற்றத்தில் காரைத் தாங்குகிறதாவென அறியுங்கள். ஒயில் கைவிட்டாலும் கம்பியால் இயங்கும் அதுவே துணை. பிரேக் ஒயிலை இரண்டாண்டுக்கொரு முறை மாற்றுங்கள். அவ்விடத்தில் எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், ரப்பர்கள் வீங்கிக் கெடும்.

பெற்றோலை மிச்சப்படுத்தவென நியூட்ரலில் காரை உருட்டி இறங்குவோர் உளர். எஞ்சின் தரும் தடையை அவர்கள் தாமே கைவிடுகிறார்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குவதே மலைப்பாதையின் பழைய விதி. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவை அடுத்த ரதல்லைக் குறுக்கு வீதியில், பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டதை மலையகம் மறந்திருக்காது. இப்பாதைகள் பிழை பொறுப்பன அல்ல.

ஒழுகிய சிலிண்டரை மாற்றி, ஊறிய லைனிங்குகளை இரு பக்கமும் புதுப்பித்து, புது ஒயில் ஊற்றி, அதே வீதியில் மீண்டும் இறங்கினோம். பெடல் காலடியில் உறுதியாய் நின்றது. கார் நேரே சென்றது. லபுக்கலையைத் தாண்டியதும் பின் ஆசனத்தில் மறுபடியும் பாட்டு எழுந்தது.