கடலும் கலமும் – 7: மாவித் தீவின் மடிக்கடல்

வெப்பமண்டலக் கடல்களில் பாய்மரப் படகொன்றை ஒரு மாலைக்கோ ஒரு நாளுக்கோ முழுவதுமாக வாடகைக்கு எடுத்து, கணவன் மனைவி இருவர் மட்டுமோ நெருங்கிய உறவினர் சிலரோ அதில் ஏறிச் சென்று, திருமண நாளையோ பிறந்த நாளையோ கடல்மீது கொண்டாடித் திரும்பும் வழக்கம் மெக்சிகோவின் பண்டேராஸ் விரிகுடாவிலிருந்து தென்பசிபிக்கின் டோங்கா வரை பரவியிருக்கிறது. ஆயினும் இந்த வழக்கமும் திமிங்கிலங்களின் வாழ்வும் மிக நெருங்கி உரசிக்கொள்ளும் இடமாக ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவித் தீவையே சொல்ல வேண்டும். காதலர் விரும்பித் தேடும் அதே வெதுவெதுப்பான, அலை அடங்கிய நீர்ப்பரப்பைத்தான் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் இணைசேரவும் குட்டி ஈனவும் நாடி வருகின்றன. இரு தரப்பும் பெருந்திரளாக வருவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான அதே மூன்று மாதங்களில்.

மாவி, மொலோகாய், லானாய், கஹோலாவே ஆகிய நான்கு தீவுகளும் தொல்பழங்காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்து, நிலம் அமிழ்ந்ததாலும் கடல் உயர்ந்ததாலும் பிரிந்தவை. அன்றைய தாழ்நிலங்களே இன்று இத்தீவுகளுக்கு இடைப்பட்ட நீரிணைகளின் தரையாக இருப்பதால், சுற்றிலும் பசிபிக் பெருங்கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற்கு இறங்கும்போது, மாவிக்கும் லானாய்க்கும் நடுவே உள்ள அவுஅவு நீரிணை மட்டும் ஆழம் குறைந்த தொட்டியாக அமைந்துவிட்டது. வடகிழக்கிலிருந்து இடைவிடாது வீசும் வியாபாரக் காற்றை 3,055 மீட்டர் உயரமுள்ள ஹாலேயாகாலா எரிமலையும் மேற்கு மாவி மலைகளும் தடுத்து நிற்பதால், மேற்குக் கரையை ஒட்டிய கடல் காற்றொதுக்காக, அதாவது மலை மறைவில் காற்று ஓய்ந்த பகுதியாக, இருக்கிறது. அந்த இரு மலைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கின் வழியே மட்டும் காற்று பிதுங்கி வருவதால், மாலேயா விரிகுடாவில் பிற்பகல் ஆனதும் கடல் கொந்தளிக்கும். திமிங்கிலம் காண விரும்புவோரைக் காலையில் புறப்படச் சொல்வதற்கும், பாய் விரித்து விரைந்தோட விரும்புவோருக்குப் பிற்பகலைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். இந்த நீரிணைகள் உட்பட, ஹவாயைச் சூழ்ந்து 183 மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதிகள் பலவற்றை அமெரிக்க நாடாளுமன்றம் 1992-ஆம் ஆண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கான தேசியக் கடல் சரணாலயமாக அறிவித்தது.

இங்கு ஓடும் வாடகைப் படகுகளில் பெரும்பாலானவை கேட்டமரான் வகையைச் சேர்ந்தவை. பெயர் நம் கட்டுமரத்திலிருந்து சென்றது என்றாலும், கட்டுமுறையில் இவை பாலினேசியரின் இரட்டைத் தோணிகளின் வழிவந்தவை: ஒடுங்கிய இரண்டு உடல்கள் பக்கம் பக்கமாக மிதக்க, அவற்றின் குறுக்கே தளம் பரப்பப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது கிறிஸ்துமஸ் தீவில் பணியாற்றிய உட்டி பிரவுன் என்ற அமெரிக்கர், அத்தீவு மக்களின் தோணிகள் நீரை வெட்டிச் செல்லும் வேகத்தைக் கண்டு வியந்து, ஹவாய் திரும்பியதும் 1947-இல் மனு காய் என்ற இரட்டையுடல் பாய்மரப் படகைக் கட்டினார். அது வைகிகிக் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. இன்றைய விடுமுறைக் கேட்டமரான்களுக்கு அதுவே முன்னோடி என்று சொல்லலாம். இவ்வகைப் படகு ஒரு பக்கமாக அதிகம் சாயாது. ஆதலால் கடல் பழகாதவரும் அச்சமின்றி அமரலாம். முன்புறத்தில் இரண்டு உடல்களுக்கும் இடையே இழுத்துக் கட்டப்பட்ட வலையின்மேல் படுத்துக் கொண்டால், ஒரு முழ இடைவெளியில் அடியில் ஓடும் நீரையே பார்த்துக்கொண்டு போகலாம்.

தனிவாடகை என்பது பெரும்பாலும் ஆறு பேருக்கு உட்பட்ட பயணம். அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கட்டுமானச் சோதனைக்கு உட்படாத சிறு படகு, கட்டணம் செலுத்துவோர் உட்பட ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதும், அதைச் செலுத்துபவர் அப்படையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதும் சட்டம். கட்டணத்திலும் வசதியிலும் கூட்டப் பயணத்திற்கும் தனிப் பயணத்திற்கும் உள்ள வேற்றுமைகளைப் பற்றிச் சுற்றுலா எழுத்துகள் நிறையவே பேசுகின்றன. அவை பேசாமல் விடும் வேற்றுமையே இங்கு கருதத்தக்கது. பல பேரை ஏற்றிய படகின் கேப்டன் இரண்டு மணி நேரத்திற்குள் எல்லோருக்கும் ஒரு திமிங்கிலத்தையாவது காட்டிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்ப வேண்டியவர். தனிப்படகின் கேப்டனுக்கோ அப்படகில் இருப்பவர்களின் விருப்பமே அட்டவணை. அவர்கள் அருகே போகச் சொன்னால் மறுக்க வேண்டிய சங்கடமும், காத்திருக்கச் சம்மதித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மிதக்கும் சுதந்திரமும் அவருக்கு உண்டு. ஆகவே இத்தகைய பயணம் திமிங்கிலத்துக்கு நன்மையாக அமைவதும் தொல்லையாக அமைவதும் சுக்கானைப் பிடித்தவரைக் காட்டிலும் வாடகை கொடுத்தவரின் பொறுமையையே சார்ந்திருக்கிறது.

அந்தப் பொறுமைக்குக் கிடைப்பது எளிய கைம்மாறு அன்று. எஞ்சின் நின்று, பாயும் சுருட்டப்பட்ட பிறகு, நீரொலிவாங்கி எனப்படும், நீருக்குள் ஒலியைப் பதியும் கருவியைக் கம்பியில் கட்டிச் சில மீட்டர் ஆழத்திற்கு இறக்கினால், தளத்தின் ஒலிபெருக்கியில் முதலில் இறால் வகைகளின் இடைவிடாத வெடிப்பொலி பொரிகிறது. அதற்குப் பின்னாலிருந்து நீண்ட முனகலும், ஏறி உடையும் கீச்சொலியும், அடித்தொண்டை உறுமலுமாகத் திமிங்கிலத்தின் பாட்டு எழுகிறது. பாடுபவை ஆண்கள் மட்டுமே. சிறு ஒலிகள் சேர்ந்து தொடராகவும், தொடர்கள் திரும்பத் திரும்ப வந்து பகுதியாகவும், பகுதிகள் மாறாத வரிசையில் அடுக்கப்பட்டுப் பாட்டாகவும் அமைவதை ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் சயின்ஸ் ஆய்விதழில் விளக்கினர். ஒரு கடற்பகுதியின் ஆண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடுகின்றன; பருவத்துக்குப் பருவம் அப்பாட்டு சிறிது சிறிதாக மாறும்போது அம்மாற்றத்தையும் எல்லாமே ஏற்றுக்கொள்கின்றன. பெண்ணைக் கவர்வதற்கா, பிற ஆண்களுக்கு அறிவிப்பதற்கா என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட தங்கத் தட்டில் கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டும் இடம்பெற்றது.

பாட்டைக் கேட்டு இவற்றின் காதலை மென்மையானது என்று எண்ணிவிடலாகாது. கருவுறத் தகுந்த ஒரு பெண் முன்னே விரைய, அதன் பக்கத்தை விடாது ஓர் ஆண் காத்து நீந்த, அந்த இடத்தைப் பறிக்கப் பின்னால் பல ஆண்கள் துரத்தி வரும் கூட்டத்தைப் போட்டிக் குழு என்பர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ முப்பது டன் எடையுள்ள உடல்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதி, வாலால் அறைந்து, குமிழித் திரை எழுப்பி வழிமறித்து, தலையிலும் முதுகிலும் தோல் கிழிந்து குருதி கசிய மணிக்கணக்கில் இப்படி ஓடும். இதற்கு நேர்மாறான காட்சி கரையோர ஆழமற்ற நீரில் கிடக்கும் தாயும் குட்டியும். பிறக்கும்போதே நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் உள்ள குட்டி, தாயின் தாடைக்கடியில் ஒண்டிக் கிடந்து, சில நிமிடங்களுக்கொரு முறை தனியே மேலே வந்து மூச்செடுத்து, மீண்டும் அடியில் இறங்கும். அலாஸ்காக் கடலிலிருந்து ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீந்தி வந்த தாய்க்கு இங்கே இரை இல்லை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே அது பால் கொடுக்கிறது, அந்தப் பட்டினியோடுதான் திரும்பியும் போக வேண்டும். படகைக் கண்டு அது ஒரு முறை விலகி நீந்தினாலும் அதற்கான ஆற்றல் அந்தச் சேமிப்பிலிருந்தே கழிகிறது.

இத்தனை பேர் இத்தனை காலம் பார்த்தும், கூன்முதுகுத் திமிங்கிலங்களின் புணர்ச்சி படமாகப் பதிவாகாமலே இருந்தது. 2022 ஜனவரியில் மேற்கு மாவிக்கு அப்பால், எஞ்சினை நிறுத்தி மிதந்துகொண்டிருந்த சிறு படகொன்றை இரண்டு திமிங்கிலங்கள் தாமாகவே அணுகிச் சுற்றி வந்தபோதுதான் முதன்முறையாக அது பதிவாயிற்று; 2024-இல் வெளியான ஆய்வுக்கட்டுரை அவ்விரண்டுமே ஆண்கள் என்று அறிவித்தது. அவற்றுள் ஒன்று எலும்பு தெரிய மெலிந்து, திமிங்கிலப் பேன் மொய்த்து, தாடை சிதைந்த நிலையில் இருந்தது. ஏதோ ஒரு கலம் மோதியதால் அந்தத் தாடைக் காயம் நேர்ந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. அரிய கண்டுபிடிப்பும் அதைச் சாத்தியமாக்கிய நல்ல படகோட்டமும், படகோட்டத்தால் விளையும் கேடும் ஆக மூன்றும் அந்த ஒரு படத்தில் சேர்ந்திருக்கின்றன.

மோதல் என்பது அரிதான விபத்து அன்று. 1975 முதல் 2011 வரை ஹவாய்க் கடலில் கலங்களும் திமிங்கிலங்களும் மோதிய 68 நிகழ்வுகளை ஓர் ஆய்வு தொகுத்தது; அவற்றில் பாதிக்கும் மேல் குட்டிகளும் இளம் திமிங்கிலங்களும் சிக்கியவை, மிக அடர்த்தியாக நேர்ந்த இடம் மேலே சொன்ன நான்கு தீவுகளின் நடுப்பகுதி. அடிக்கடி மூச்செடுக்க வரும் குட்டி நீர்மட்டத்திலேயே அதிக நேரம் இருப்பதாலும், அதன் மூச்சுத் தாரை சிறியதாக இருப்பதாலும், ஓட்டுநரின் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. பாய்மரப் படகு ஓசையற்றது, ஆதலால் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. எஞ்சின் ஓசை தொல்லைதான் என்றாலும் கலம் வருவதை அது முன்கூட்டியே அறிவிக்கிறது, காற்றில் மட்டும் விரையும் படகு அந்த எச்சரிக்கையையும் தராது. அதனால் பொறுப்புள்ள கேப்டன்கள் பருவகாலத்தில் பாயைக் குறைத்து வேகத்தைத் தணிப்பதோடு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கடலைக் கூர்ந்து பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துகின்றனர்.

சட்டம் சொல்வது இது: கூன்முதுகுத் திமிங்கிலத்தை எந்தக் கலமும் 91 மீட்டருக்குள் நெருங்கலாகாது, அது வரும் வழியை முன்கூட்டியே கணித்து அங்கே போய்க் காத்திருப்பதும் குற்றம். இந்த இரண்டாவது விதிதான் அதிகம் மீறப்படக்கூடியது, ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படகு சும்மா நிற்பதாகவே தோன்றும். திமிங்கிலம் தானாக அருகே வந்தாலோ எஞ்சினைப் பற்சக்கரத்திலிருந்து விடுவித்து அசையாதிருக்க வேண்டும். ஆக, கைதொடும் தொலைவில் ஒரு திமிங்கிலம் தலை தூக்கிப் பார்க்கும் பேறு நெருங்கியவருக்குச் சட்டப்படி வாய்ப்பதில்லை, நின்றவருக்கே வாய்க்கிறது.

கொண்டாட்டங்களுக்கும் கடல் சில நிபந்தனைகளை விதிக்கிறது. திருமண உறுதிமொழியைப் புதுப்பித்த தம்பதியர் தங்கள் பூமாலைகளை நீரில் விடுவதானால், ஆமைகள் சிக்காதிருக்க நாரை உருவிவிட்டு உதிரிப் பூக்களாகவே விட வேண்டும். பலூன் பறக்கவிடுவது 2023 முதல் ஹவாயில் தடை. பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை கலந்த வெயில்காப்புப் பூச்சுகளின் விற்பனை 2021 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. மணவிழாவுக்கு ஏறும் அதே படகுகளில் அஸ்தி கரைக்கவும் குடும்பங்கள் ஏறுகின்றன. அது கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் மட்டுமே அனுமதிக்கப்படும்.

மேற்கு மாவிக் கரையிலுள்ள லஹைனாத் துறைமுகம் திமிங்கிலத்தால் இருமுறை வாழ்ந்த ஊர். 1846-இல் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட வேட்டைக் கப்பல்கள் நீரும் உருளைக்கிழங்கும் ஏற்ற இங்கே நங்கூரமிட்டன. அத்தகைய கப்பல்கள் வேட்டையாடியது ஜப்பானுக்கு அப்பாலும், பின்னர் ஆர்க்டிக்கிலும், எண்ணெய்க்காக. கூன்முதுகுகளைப் பெருமளவில் அழித்தது அதற்குப் பிந்தைய நூற்றாண்டின் எந்திர வேட்டை. 1960-களின் நடுவில் தடை வந்தபோது வடபசிபிக்கில் எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம் என மதிப்பிடப்பட்டது. பின்னர் அவை மீண்டு பெருகப் பெருக, வேட்டையால் வாழ்ந்த ஊர் அவற்றைக் காட்டி வாழத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 8 அன்று பரவிய காட்டுத்தீ நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அந்த ஊரையும் அதன் படகுத் துறையையும் தின்றுவிட, தப்பிய படகுகள் பல மாலேயாத் துறைக்கு இடம்பெயர்ந்தன. காற்று அடங்காத அந்த விரிகுடாவிலிருந்து புறப்பட நேர்ந்ததால், கூன்முதுகுகள் நிறைந்த ஒதுக்குக் கடலை அடைய இவை முன்பைவிட நெடுந்தொலைவு ஓட வேண்டியதாயிற்று.

திமிங்கிலங்களின் மீட்சியும் நேர்கோட்டில் செல்லவில்லை. 2012-இல் வடபசிபிக்கில் 33,000-ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2021-இல் 26,600 அளவுக்குக் குறைந்தது. ஹவாய்க்கு வருபவற்றில் அந்த வீழ்ச்சி மூன்றில் ஒரு பங்கை எட்டியது. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கைச் சூடாக்கிய கடல் வெப்ப அலையால் இரை குன்றியதே முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். அலாஸ்காவில் வயிறு நிரம்பாத தாய் மாவிக்கு வந்து ஈனும்போது, அதன் அருகே படகு நிற்கும் தூரமும் நேரமும் முன்னெப்போதையும்விடக் கணக்கில் எடுக்க வேண்டியவை ஆகின்றன. இதே கடலில் மீன்பிடிக் கயிறுகளில் சிக்கிப் பல நாட்கள் அவற்றை இழுத்துக்கொண்டே வரும் திமிங்கிலங்களையும், சிறு படகில் சென்று நீண்ட கோலில் பொருத்திய கத்தியால் அக்கயிறுகளை அறுத்துவிடும் மீட்புக் குழுவினரையும் பற்றி அடுத்த இதழில் காண்போம்.