ஒரு கல்யாணத்துக்கு ஏழு ரூபாய்

திருவந்திபுரத்தில் நல்ல வளர்பிறை முகூர்த்தம் வந்துவிட்டால் ஒரே நாளில் நூற்றுக்கு மேல் கல்யாணம். அங்கே ஔஷதகிரிக் குன்றில் ஹயக்ரீவர் சன்னதிக்குப் போகும் 74 படிகளிலேயே நாலைந்து மாப்பிள்ளைகளை ஒதுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் சில அடிதான் இடம். ஜோடிக்கு ஒரு ஸ்டில் கேமரா, ஒரு வீடியோ, வீடியோக்காரர் பிடித்திருக்கும் எல்இடி லைட் என்று வைத்தால், தாலி ஏறும் நேரத்தில் நம் லென்ஸைப் பார்த்து அடிக்கும் அடுத்த வீட்டு விளக்குகள் எப்படியும் இரண்டு மூன்று தேறும். முகூர்த்தம் விடிகாலை 4.30 - 6 என்றால் பின்னணி முழுக்க இருட்டு. ஃபில்டரின் யோக்கியதை தெரிவது இங்கேதான். ஸ்டுடியோ சுவரை எடுத்துப் பார்த்தால் 250 ரூபாய்க் கண்ணாடியும் 4,000 ரூபாய்க் கண்ணாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் ஃபில்டர் வாங்குகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது. விலை ஆளுக்கு ஆள் மாறும். கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

82 மி.மீ. மல்டிகோட்டட் யுவி, புதிது: ரூ. 4,000
அதே சரக்கு, செகண்ட் ஹேண்ட், ஒரிஜினல்: ரூ. 2,000
ஒரிஜினல் என்று சொல்லி விற்கப்படும் டூப்ளிகேட்: ரூ. 1,200
கோட்டிங் இல்லாத பெயரில்லாக் கண்ணாடி: ரூ. 250

வருஷத்துக்கு 40 கல்யாணம், 3 வருஷ உழைப்பு என்றால் 120 கல்யாணம். புதிது கல்யாணத்துக்கு 33 ரூபாய் 33 காசு விழும். செகண்ட் ஹேண்ட் ஒரிஜினல் 16.67. டூப்ளிகேட் 10. ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் வித்தியாசம் ஒரு கல்யாணத்துக்கு 6 ரூபாய் 67 காசு. அடிவாரத்தில் ஒரு டீக்குக்கூடக் காணாது. டூப்ளிகேட் வாங்கியவர் 800 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போகிறார். உள்ளே இருப்பது 250 ரூபாய்க் கண்ணாடி என்பதால், உண்மையில் 950 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஏமாற்று நடக்கும் அளவுகளும் ஊகிக்கக்கூடியவைதான். கேனான் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மி.மீ. ஃபில்டர் போதும். 18-55 கிட் லென்ஸ்கள் பலவற்றுக்கு 58. கல்யாண வேலைக்காரர்களின் 70-200 எஃப் 2.8 பெரும்பாலும் 77. புதிய 24-70 எஃப் 2.8 கேனானிலும் சோனியிலும் 82. 49-ஐவிட 82-க்குக் கண்ணாடிப் பரப்பு 2.8 மடங்கு, கடை விலையும் கூடவே ஏறும். நூறு ரூபாய் லாபத்துக்காக யாரும் 49-ல் போலி லேபிள் ஒட்டி மெனக்கெட மாட்டார்கள். பயப்பட வேண்டியது 77-க்கும் 82-க்கும்.

இனி கண்ணாடிக்கு வருவோம். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52. ஒளி உள்ளே நுழையும் பரப்பில் சுமார் 4.3 சதவீதம் திரும்பிவிடும். வெளியேறும் பரப்பில் இன்னொரு 4.3. லென்ஸுக்குப் போய்ச் சேருவது 91.7 சதவீதம். நல்ல மல்டிகோட்டிங் ஒவ்வொரு பரப்பிலும் இந்த இழப்பை அரை சதவீத அளவுக்குக் குறைத்து, மொத்தம் 99 சதவீதத்தை உள்ளே விடும். ‘டூப்ளிகேட் போட்டால் படம் இருட்டா வரும்’ என்று தொழிலில் சிலர் சொல்வார்கள். வராது. 8.3 சதவீத இழப்பு என்பது ஒரு ஸ்டாப்பில் எட்டில் ஒரு பங்கு. கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரே அதைச் சரிக்கட்டிவிடும்.

சிக்கல் திரும்பி வரும் ஒளியில். விளக்கின் ஒளி சென்சாரில் பட்டு, அதில் கொஞ்சம் லென்ஸ் வழியாகவே முன்னால் போய், ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வரும். வெறும் கண்ணாடி அதில் 8 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும்; நல்ல கோட்டிங் 1 சதவீதம். எட்டு மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப் வித்தியாசம். இப்படி உண்டாகும் பேய்ப்புள்ளி விளக்கின் மேலேயே விழுந்தால் யாருக்கும் தெரியாது. படத்தின் மையத்தைத் தாண்டி எதிர்மூலையில் தலைகீழாக விழும். மேலே இடது ஓரத்தில் பக்கத்து வீட்டு வீடியோ லைட் இருந்தால், கீழே வலது பக்கம், பெண்ணின் கூறைப்புடவை மேல், ஒரு பச்சைப் பொட்டு. ஆல்பம் டிசைனரிடம் கொடுத்து அழிக்கலாம்; ஒரு படத்தில் என்றால் சரி, தாலி கட்டின வரிசை முழுக்க என்றால்?

ஆகவே வாங்கும்போது பெட்டியையும் எழுத்தையும் பார்ப்பதில் பொழுதைப் போக்க வேண்டாம் என்பேன். அச்சடிப்பது மலிவு. கோட்டிங் அப்படியில்லை: வெற்றிட அறைக்குள் படலம் படலமாகப் படிய வைக்க வேண்டும். மக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் படலமே சுமார் 100 நானோமீட்டர் கனத்தில் சரியாக நின்றால்தான் வேலை செய்யும். மல்டிகோட்டிங் என்றால் அப்படிப் பல. போலிக்காரர் மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான்.

பார்க்கும் முறைக்குச் செலவு கிடையாது. எந்த ஸ்டுடியோவிலும் போட்டோ ஃபிரேம் போடும் கண்ணாடித் துண்டு கிடக்கும். கறுப்புத் துணியில் அதையும் ஃபில்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே உள்ள டியூப் லைட் இரண்டிலும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஃபிரேம் கண்ணாடியில் வெள்ளை வெளேரென்று தெரியும். ஃபில்டரிலும் அதே வெளிச்சத்தில் தெரிந்தால் அது ஃபிரேம் கண்ணாடியின் தம்பி. நல்ல கோட்டிங்கில் டியூப் லைட் மங்கிப்போய்ப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மினுக்கலுக்கென்றே சாயம்போல ஒரு பூச்சு பூசியவையும் சந்தையில் உண்டு. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது வெளிச்சத்தின் அளவை.

இரண்டாவது, 200 எம்எம்-ல் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எஃப் 2.8-ல் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுத்துப் பெரிதாக்குவது. கண்ணாடி சமதளமாக இல்லையென்றால் எழுத்தின் ஓரம் கலங்கியிருக்கும். அகலக் கோணத்தில் இது தெரியாது.

எடை பார்ப்பது சில கம்பெனிகளுக்கு மட்டும் உதவும். 1947-ல் பெர்லினில் தொடங்கிய ஜெர்மன் பி பிளஸ் டபிள்யூ பித்தளை வளையத்துக்குப் பேர்போனது. பித்தளையின் அடர்த்தி 8.5, அலுமினியம் 2.7. 77 மி.மீ. ஃபில்டரில் 2 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 20 கிராம். வளையம் பித்தளை என்றால் 14 கிராம் அளவில் சேரும், அலுமினியம் என்றால் நாலைந்துதான். பத்து கிராம் இடைவெளியைச் சமையலறைத் தராசே காட்டிவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலுமே ஒட்டாது. அலுமினிய வளையத்திலேயே வரும் மற்றக் கம்பெனிச் சரக்குக்கு இந்தத் தராசு எதையும் சொல்லாது.

பெட்டி இருந்தால் ஒன்று மட்டும் கவனிக்கலாம். 2011-ன் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், எம்ஆர்பி இருக்க வேண்டும். இல்லாததெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். போலி முத்திரைச் சரக்கை விற்பதற்கு 1999-ன் வணிகக்குறிச் சட்டம் 104-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 1,200 ரூபாய்க்கு யார் கோர்ட் ஏறுவார்கள்?

அவுட்டோர் எடுப்பவருக்கு சிபிஎல் (வட்டப் போலரைசர்) கணக்குத் தனி. சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தில் படகில் ஜோடியை உட்கார வைத்தால், தண்ணீருக்கு நேர்குத்தான கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுமையாக அடங்கும். அதற்காக வாங்கும் சிபிஎல்-ஐ லேப்டாப் திரையில் சோதிக்கலாம். திருகுமரை கண்பக்கம் இருக்கச் சுழற்றினால் திரை இருண்டு வெளுக்க வேண்டும். திருப்பிப் பிடித்துச் சுழற்றும்போது முழுக்க இருளாமல் நிறம் மட்டும் கொஞ்சம் மாறினால் அது சிபிஎல். இரண்டு பக்கமும் இருண்டால் உள்ளே இருப்பது லீனியர் போலரைசர். பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸும் மீட்டரும் தடுமாறும், மிரர்லெஸ்ஸில் தொந்தரவில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டரில் என்டி 8 என்று போட்டிருந்தால் 1/250-ல் எடுத்த வெளிச்சம் 1/30-ல் வர வேண்டும்.

எதிலும் தேறாத 82 ஒன்று கைக்கு வந்தால் நான் 200 ரூபாய் வரை கொடுப்பேன். வளையம் நேராக, மரை தேயாமல் இருந்தால் போதும். ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவி, நடுவை மட்டும் துடைத்துவிட்டால், பெண்ணைத் தனியாக உட்கார வைத்து எடுக்கும் சாஃப்ட் போர்ட்ரெய்ட்டுக்கு அது தாராளம்.