சுருக்க இராணுவ நீதிமன்றம்

சுருக்க இராணுவ நீதிமன்றம் என்பது இந்தியத் தரைப்படையில் சாதாரண வீரர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விரைந்து விசாரிக்கும் அமைப்பு ஆகும். 1950 ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் கூறும் நான்கு வகை இராணுவ நீதிமன்றங்களுள் இதுவும் ஒன்று. வான்படைச் சட்டத்தில் இவ்வகை இல்லை.

ஏனைய மூன்று வகைகளிலும் குறைந்தது மூன்று அதிகாரிகள் அமர்ந்து தீர்ப்பளிப்பர். இதிலோ படைப்பிரிவின் கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றம். வேறு இருவர் உடனிருந்தாலும் அவர்களுக்கு வாக்கு இல்லை. குற்றச்சாட்டைத் தொடக்கத்தில் கேட்டறியும் அதிகாரியே தீர்ப்பும் வழங்குவது இம்முறையின் பெருங்குறை எனலாம். லெப்டினன்ட் கர்னலும் அவருக்கு மேற்பட்ட தரத்தினரும் ஓராண்டு வரையும், கீழ்த்தரத்தினர் மூன்று மாதம் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பணிநீக்கமும் செய்யலாம். வீரரின் குடும்பத்துக்குச் சிறையைவிடப் பணிநீக்கமே பேரிழப்பு. அவ்வாறு நீக்கப்பட்டவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் கிடையாது.

இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வழியில்லாததை 1982 இல் உச்ச நீதிமன்றம் பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் குறையாகச் சுட்டியது. கால் நூற்றாண்டு கழிந்து, 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உருவாயிற்று. சுருக்க இராணுவ நீதிமன்ற வழக்குகளில், பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டவற்றை மட்டுமே அது விசாரிக்கும். உடனடி நடவடிக்கை இன்றியமையாதபோது மட்டும் இந்நீதிமன்றத்தைக் கூட்ட வேண்டும் என 2016 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேலம் அல்லது நாமக்கல்லைச் சேர்ந்த வீரர் ஒருவர் வடகிழக்கு எல்லையில் பணிநீக்கம் செய்யப்பட்டு ஊர் திரும்பினால், விசாரணை நடந்த மாநிலத்துக்கு மீண்டும் செல்லத் தேவையில்லை. வசிப்பிடத்தின் அடிப்படையில் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலேயே மனு அளிக்கலாம்.