இன்னைக்கு எத்தனை தடவ?

“இன்னைக்கு எத்தனை தடவ போனாருக்கா?”

பாபநாசம் பக்கத்தில் அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் நான் கேட்பது இதுதான். அக்கா வாயால் பதில் சொல்லமாட்டார். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைக் காட்டுவார். தேதிக் கட்டங்களில் பேனாக் கோடுகள். இரண்டு, மூன்று என்றால் எனக்கு நிம்மதி. ஒரே கோடு என்றால் நேரே அவர் கணவரான அண்ணனிடம் போய், பஸ்ஸை மறிக்கிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டச் சொல்வேன். மணிக்கட்டு நிற்காது, படபடவென்று விழுந்து விழுந்து எழும்.

நான் வீடு வீடாகப் போகும் நோய் ஆதரவுச் சிகிச்சை நர்ஸ். பாலியேட்டிவ் கேர் என்றால் கேன்சருக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல்லீரல் சுருங்கிப்போனவர்கள் எங்களிடம் வருவதே குறைவு. வந்தாலும் கடைசி வாரத்தில் வருவார்கள். இந்த அண்ணன் நாலு மாதம் முன்னதாகவே வந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவைச் சுத்தப்படுத்துவது கல்லீரலின் வேலை. அது கெட்டுப்போனால் அந்த நஞ்சு மூளைக்கு ஏறும். பகலில் தூங்குவார்கள், இரவில் உலாத்துவார்கள். அண்ணன் ரைஸ் மில்லில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒருநாள் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தாராம். சொந்தக்காரர்கள் காத்துக் கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார்கள். வேண்டியிருந்தது லாக்டுலோஸ் என்ற இனிப்பு சிரப்தான். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகிற அளவுக்கு டாக்டர் அளவைச் சரிசெய்தார். அந்தக் காலண்டர் கோடுகளின் கதை இதுதான். கூடவே ஒரு நோட்டில் தினமும் கையெழுத்துப் போடச் சொன்னேன். தெளிவாக இருக்கும் நாளில் முத்து முத்தாக இருக்கும். மலம் கட்டிக்கொண்ட நாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி கோணிக்கொள்ளும். எனக்கு அது ரத்தப் பரிசோதனைக்குச் சமம்.

“இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு இதயமும் பலவீனம், அதனால் கல்லீரல் மாற்று அறுவை முடியாது. அதற்காகச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றா ஆகும்? (மாற்றுக் கல்லீரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இந்தச் சிகிச்சை தரலாம். இரண்டுக்கும் சண்டை கிடையாது.)

வயிற்றைப் பாருங்கள். குடம் மாதிரி நீர் கோத்து, தொப்புள் வெளியே தள்ளி, மல்லாந்து படுக்க முடியாமல் கிடந்தார். ‘தண்ணிய எடுத்தா உசுரு போயிடும்’ என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் ஊசி வழியாக எடுத்தோம். ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கும்போது ஆல்புமின் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் பிரஷர் இறங்கி, சிறுநீரகம் அடிவாங்கும். அன்று இரவு மூன்று இட்லி சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் மறுபடி நிறைந்தது, மறுபடி எடுத்தோம். உப்பைக் குறைக்க ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வீட்டை விட்டுப் போயின. கருவாட்டுக்கு மட்டும் அவர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, வெறும் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோளிலும் தொடையிலும் சதையே இல்லை. இந்த நோயில் புரதத்தைக் குறைக்கக் கூடாது. படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும், ராத்திரி நெடுநேரம் வயிறு காயக் கூடாது. கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை அட்டையை முதல்நாளே பிடுங்கிக்கொண்டேன். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும். பாராசிட்டமால் போதும், அதுவும் நாளுக்கு 2 கிராம் தாண்டாமல், டாக்டர் சொன்னபடி. வலி அதற்கும் அடங்காதபோது மார்ஃபின் மிகச் சிறிய அளவில், இடைவெளி கூட்டிக் கொடுத்தோம். மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால் அந்த நாட்களில் காலண்டரை இரண்டு தடவை பார்ப்பேன்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, “குடிப்பாரா?” சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்புக் கல்லீரலும், மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். ஆனால் இவர் குடித்தவர்தான். ஒருநாள் துணி அலசிக்கொண்டே அக்கா சொன்னார்: “இருபது வருசம் குடிச்சு எங்கள அழிச்ச மனுசனுக்கு நான் ஏன் சிஸ்டர் பீ அள்ளணும்?” என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியைப் பிழிந்தேன். அதற்குப் பிறகு வாரம் ஒருநாள் அண்ணனின் தங்கச்சி வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். அன்று அக்கா தன் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வருவார். அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருந்ததால் ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுக்கக்கூடும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கருநீலத் துண்டு ஒன்று கொடுத்தேன். வெள்ளைத் துண்டில் சிவப்பைப் பார்த்தால் நோயாளிக்கும் பார்ப்பவருக்கும் பயம் கூடும். அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்கா, வீட்டிலேயா என்று தெளிவாக இருந்த ஒரு காலையில் அண்ணனிடமே கேட்டோம். “திண்ணையிலயே இருந்துக்குறேன்” என்றார். அதை அவர் கையாலேயே நோட்டில் எழுதி வாங்கி, மகனிடம் காட்டினோம்.

கடைசி மூன்று நாள் மயக்கத்தில் இருந்தார். திண்ணையில்தான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தருவதும் உண்டு. வீட்டில் யாருக்காவது முதல் தடவை வயிற்றில் நீர் கோத்ததென்றால், அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லும் நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

ரத்த வாந்தி வரவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் போனபோது, மடிப்புக் கலையாமல் அக்கா அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது அது ஒரத்தநாடு பக்கம் வேறொரு வீட்டில் இருக்கிறது.