நிறுத்தமா, நீக்கமா?

"ஆலையில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள்" என்று சேதி வருகிறது. எப்படி நிறுத்தினார்கள் என்று நாம் கேட்டால் விடையில்லை.

லே-ஆப் வேறு, ஆட்குறைப்பு வேறு! பஞ்சோ மின்சாரமோ இன்றி இயந்திரம் நின்றால் லே-ஆப். பெயர் மஸ்டர் ரோலில் அப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு உழைத்தவருக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரவேண்டுமென்று தொழில் தகராறு சட்டத்தின் 1953-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. ஆட்குறைப்போ பெயரையே அடித்துவிடும். அதற்கு ஒரு மாத நோட்டீஸ். உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டை அழிக்கவில்லை.

முதலாளிமார் சொல்லில் குழப்புவார்கள், கணக்கில் குழம்பமாட்டார்கள்! தோழர்களே, நீட்டப்படும் தாளில் எந்தச் சொல் இருக்கிறதென்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள். 'ராஜினாமா' என்றிருந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.